18 வயசுல ஹோமை விட்டு வெளிய வர்ற பசங்களுக்கு எப்படி துணையா நிக்கிறது

முதல் தடவையா ஒரு பையனுக்கு ரூம் பார்த்து குடியேத்தி விட்ட அன்னைக்கு சாவியை அவன் கையில குடுத்தேன். பூட்டினான், இழுத்துப் பார்த்தான், திறந்தான், திரும்பவும் பூட்டினான், இப்படியே நாலு தடவை. என்னடா பூட்டு சரியில்லையான்னு கேட்டேன். இல்லக்கா, இதுவரைக்கும் நான் எந்தக் கதவையும் பூட்டினதே இல்லன்னான். பத்து வருஷத்துக்கு மேல ஹோம்ல, அதாவது பெத்தவங்ககூட இருக்க முடியாத பிள்ளைங்களை வளர்க்கிற காப்பகத்துல, வளர்ந்தவன், அங்க பூட்டுறதும் திறக்கிறதும் வேற யாரோ பார்த்துக்கிற வேலை, நல்லா படிக்கிற பையன்தான், ஆனா ஒரு பூட்டைப் பூட்டிப் பழக்கமில்ல.

அதுக்கப்புறம் நிறைய பேரை இப்படி குடியேத்தி விட்டிருக்கேன், சிலது நல்லா போச்சு, சிலது நான் சொதப்பினேன், அதுல இருந்து எனக்குப் புரிஞ்சதை எழுதறேன். ஹோம் வார்டன், அடுத்தவங்க பிள்ளையை தங்க வீட்டுல வச்சு வளர்க்கிற ஃபாஸ்டர் பெற்றோர், பிள்ளையோட விவகாரங்களைப் பார்த்துக்கிற கேஸ் வொர்க்கர், இல்ல வாரம் ஒரு தடவை போய் பார்த்துட்டு வர்ற வாலண்டியர், யாரா இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். குடும்பத்துல வளர்ற பிள்ளைங்க 18 வயசுலயே சரியா வாழ்ந்திடறாங்களா என்ன, பணத்தை தொலைக்கிறாங்க, தப்பான வேலையில சேர்றாங்க, கூட தங்கினவன்கிட்ட சண்டை போட்டு ராத்திரியோட ராத்திரியா பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்து நிக்கிறாங்க, அம்மா திட்டிக்கிட்டே சாப்பாடு போடுறாங்க, அவ்வளவுதான். தப்பு பண்ணிட்டு திரும்பி வர ஒரு இடம் இருக்கு. ஹோம்ல வளர்ந்த பசங்களுக்கு இல்லாதது அந்த இடம்தான், திறமை இல்லாமப் போறதில்ல. அதனால நம்ம வேலை ரெண்டே ரெண்டு, உள்ள இருக்கும்போதே சின்னச் சின்ன தப்பு பண்ண விடுறது, வெளிய போனப்புறம் திரும்பி வர ஒரு வழியைத் திறந்து வைக்கிறது.

எப்ப ஆரம்பிக்கணும்

கடைசி ஆறு மாசத்துல ஆரம்பிச்சா அது வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு பண்ற மாதிரிதான் இருக்கும். 15, 16 வயசுலயே ஆரம்பிக்கணும். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல, 2009ல ஐ.நா. பொதுச்சபை ஏத்துக்கிட்ட மாற்றுப் பராமரிப்பு, அதாவது பெத்தவங்ககிட்ட இல்லாம வளர்ற பிள்ளைங்களைப் பார்த்துக்கிறது பத்தின வழிகாட்டுதல்கள்லயே, பிள்ளை வெளிய போறதுக்கு ரொம்ப முன்னாடியே தயாரிப்பைத் தொடங்கணும், முடிஞ்ச வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் கூட நிக்க தனியா ஒரு ஆளை ஒதுக்கணும்னு இருக்கு.

உங்க நாட்டுல எந்த வயசு வரைக்கும் என்ன கிடைக்கும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, இது ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவுல 2015 சிறார் நீதிச் சட்டத்தோட 46வது பிரிவு, 18 முடிஞ்சு ஹோமை விட்டு வெளிய வர்றவங்களுக்கு பண உதவி குடுக்க இடம் குடுக்குது, பொதுவா 21 வயசு வரைக்கும், விதிவிலக்கான சூழ்நிலைன்னா 23 வரைக்கும் இந்தப் பின்பராமரிப்பை நீட்டிக்கலாம்னு அந்தச் சட்டத்துக்காக 2016ல வந்த மாதிரி விதிகள்ல இருக்கு. இங்கிலாந்துல 2017 சட்டத்துக்கு அப்புறம் 25 வயசு வரைக்கும் ஒரு தனி ஆலோசகரைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவுல 2008 சட்டம் மாநிலங்கள் விரும்பினா 21 வரைக்கும் ஃபாஸ்டர் கேர்லயே வச்சிருக்கலாம்னு வழி பண்ணுச்சு. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் 2021ல இருந்து 21 வயசு வரைக்கும் உதவியை எல்லாருக்கும்னு ஆக்கிட்டாங்க. இதெல்லாம் தானா வீடு தேடி வராது, மனு போடணும், கேள்வி கேட்கணும், திரும்பத் திரும்ப போய் நிக்கணும், ஒரு 18 வயசுப் பிள்ளையால தனியா இதை செய்ய முடியாது, நீங்க கூட போங்க.

இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்தா சோம்பேறி ஆயிடுவாங்கன்னு சொல்றவங்களை எல்லா ஊர்லயும் பார்க்கலாம், எனக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும். அமெரிக்காவுல இல்லினாய், ஐயோவா, விஸ்கான்சின்னு மூணு மாநிலத்துல ஃபாஸ்டர் கேர்ல இருந்த 700க்கும் மேற்பட்ட பசங்களை 17 வயசுல இருந்து 26 வயசு வரைக்கும் தொடர்ந்து போய் பேட்டி எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. அப்ப இல்லினாய்ல மட்டும் 21 வரைக்கும் கேர்ல இருக்க முடிஞ்சுது, மத்த ரெண்டுலயும் பெரும்பாலும் 18லயே வெளிய அனுப்பிட்டாங்க. அப்படி கூடுதலா இருக்க முடிஞ்ச பசங்கதான் காலேஜுக்கு அதிகமா போனாங்க. சோம்பேறி ஆகல, படிக்கப் போனாங்க.

உள்ள இருக்கும்போதே தப்பு பண்ண விடுங்க

பணத்துல இருந்து ஆரம்பிங்க. லெக்சர் குடுத்து பட்ஜெட் சொல்லித்தர முடியாது, நானும் சார்ட்லாம் ஒட்டிப் பார்த்துட்டேன், ஒருத்தரும் திரும்பிக்கூட பார்க்கல. அதுக்குப் பதிலா சோப்பு, பேஸ்ட், பஸ் செலவு, போன் ரீசார்ஜ் இதுக்கெல்லாம் ஹோம்ல எவ்வளவு செலவாகுதோ அந்தக் காசை அவங்க கையிலயே குடுங்க. முதல்ல வாராவாரம், ஒரு மூணு மாசம் கழிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாசம் ஒரு தடவை. முதல் மாசம் கண்டிப்பா மூணாவது வாரத்துல காசு தீர்ந்திடும். தீரட்டும். சாப்பாடும் மருந்தும் எப்பவும் போல கிடைக்கணும், அதுல கை வைக்காதீங்க, ஆனா ரீசார்ஜ் காசை மட்டும் திரும்பக் குடுக்காதீங்க. பத்து நாள் டேட்டா இல்லாம இருந்தவங்க அடுத்த மாசம் தானா கணக்கு எழுதுவாங்க. இதே பாடத்தை வெளிய போய் கத்துக்கிட்டா வாடகை கட்ட முடியாமதான் கத்துக்குவாங்க.

சமையல்ல எனக்கு ஒரு பொண்ணு பெரிய பாடம் சொல்லிக்குடுத்தா. ஹோம் கிச்சன்ல நாலு வருஷம் உதவி பண்ணவ, நாப்பது பேருக்கு தனி ஆளா சமைப்பா, இவளுக்கு என்ன சொல்லித்தர வேண்டியிருக்குன்னு நான் விட்டுட்டேன். தனியா குடியேறி ரெண்டாவது வாரம் பார்க்கப் போனா, அடுப்புல ஒரு பெரிய பாத்திரம், பாதிக்கு மேல கெட்டுப்போய் கிடக்கு. ஒரு ஆளுக்கு எவ்வளவு போடணும்னு தெரியலக்கான்னு சொல்லிட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரு டம்ளரை வச்சு ஒரு ஆளுக்கு அளந்தோம், எதுவரைக்கும் நிரப்பணும்னு அந்த டம்ளர்ல மார்க்கரால கோடு போட்டோம். அதனால அவங்களுக்கு இது தெரியும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, தனி ஆளா ஒரு நாள் முழுக்க செஞ்சு காட்டச் சொல்லுங்க. துணி துவைக்கிறதும் அப்படித்தான், ஹோம்ல மொத்தமா போட்டு எடுக்கிறதால ஒரு பக்கெட்டுக்கு எவ்வளவு பவுடர்னு பல பேருக்குத் தெரியாது.

எழுந்திருக்கிறது இன்னொண்ணு. மணி அடிச்சா எழுந்து மணி அடிச்சா சாப்பிட்டு மணி அடிச்சா தூங்கினவங்க அவங்க. கடைசி ஒரு வருஷமாவது அந்தப் பிள்ளைக்கு மட்டும் மணியை நிறுத்துங்க, அலாரம் வச்சு அவங்களே எழுந்திருக்கட்டும், பஸ்ஸை விட்டா விடட்டும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை அவங்களே போன் பண்ணி வாங்கட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க, வாயைத் திறக்காதீங்க. ரொம்ப கஷ்டமா இருக்கும், உங்களுக்குத்தான்.

முடிஞ்சா ரெண்டு வாரம் தனி ரூம்ல ஒத்திகை மாதிரி இருக்க வைங்க, ஹோம் வளாகத்துலயே ஒரு ரூம் இருந்தாலும் போதும், தனி சாவி, தனி அடுப்பு, தனிக் கணக்கு. முடிச்சு வந்ததும் எது கஷ்டமா இருந்துச்சுன்னு கேளுங்க, எது நல்லா பண்ணேன்னு கேட்டா நம்மளை சந்தோஷப்படுத்தத்தான் பதில் சொல்வாங்க.

பேப்பர்

இது போரடிக்கும், ஆனா இதுல ஒண்ணு விட்டுப்போனா மத்த எல்லாமே நின்னுடும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், பேங்க் அக்கவுண்ட், ஹோம்ல எப்ப இருந்து எப்ப வரைக்கும் இருந்தாங்கங்கிறதுக்கு எழுத்துல ஒரு கடிதம். கடைசியா சொன்னதை நிறைய பேர் மறந்திடறாங்க, அரசு உதவி எதுவா இருந்தாலும் முதல்ல கேட்கிறது அதைத்தான். பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைங்க இருப்பாங்க, அதை வாங்க மாசக்கணக்காகும், அதனாலதான் 16லயே ஆரம்பிங்கன்னு சொல்றேன். பேர் ஒவ்வொரு பேப்பர்லயும் ஒரே எழுத்துல இருக்கான்னு பாருங்க, ஹோம்ல சேர்க்கும்போது யாரோ காதுல விழுந்த மாதிரி எழுதின பேர் பின்னாடி எவ்வளவு அலைய விடும்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். பேங்க் அக்கவுண்ட் அவங்க பேர்ல, ஏடிஎம் கார்டு அவங்க கையில இருக்கணும், வார்டனோட கூட்டுக் கணக்கா இருந்தா வெளிய போறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க.

மருத்துவ விவரத்தையும் ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, ரத்த வகை, போட்ட தடுப்பூசி, எந்த மருந்து ஒத்துக்காது, சின்ன வயசுல ஆபரேஷன் ஏதாவது நடந்துச்சா. குடும்பத்துல வளர்ந்தவங்களுக்கு இதெல்லாம் அம்மா ஞாபகத்துல இருக்கும். இவங்க விஷயத்துல ஃபைல்ல மட்டும்தான் இருக்கு, ஃபைல் ஆபீஸ்ல இருக்கு. போட்டோவும் அப்படித்தான், ஹோம் விழாவுல எடுத்தது, ஸ்கூல் குரூப் போட்டோ, எல்லாத்தையும் காப்பி போட்டுக் குடுங்க. சின்ன வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு அவங்க பிள்ளை ஒருநாள் கேட்கும். ஏன் ஹோமுக்கு வந்தோம், யார் கொண்டுவந்து விட்டாங்கங்கிற கேள்வியும் நிறைய பேருக்கு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், ஃபைலைப் பார்க்க உங்க ஊர் சட்டத்துல எப்படி மனு போடணும்னு விசாரிச்சு வச்சுக்கோங்க. அவங்க அதைப் படிக்கிற அன்னைக்கு தனியா விடாதீங்க.

அப்புறம் அந்த ஃபார்ம். வேலைக்கோ ஹாஸ்டலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எங்க போனாலும் அவசரத்துக்கு யாரைத் தொடர்பு கொள்ளணும்னு ஒரு கட்டம் இருக்கும். ஒரு பையன் வேலைக்கு ஃபார்ம் நிரப்பும்போது பக்கத்துல இருந்தேன், எல்லாத்தையும் மடமடன்னு எழுதிட்டு வந்தவன் அந்த இடத்துல பேனாவை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டான். என்கிட்ட கேட்கவும் இல்ல. நானா என் நம்பரைச் சொன்னேன், உறவுமுறைன்னு இருந்த இடத்துல அக்கான்னு எழுதுன்னேன். அதனால வெளிய அனுப்பறதுக்கு முன்னாடியே இதைப் பேசிடுங்க, அந்தக் கட்டத்துல யார் பேர்னு முடிவு பண்ணி அவங்க போன்லயே சேவ் பண்ணி வைங்க.

வீடும் வேலையும்

முதல் வருஷம் முழுத் தனியா இருக்க விடாதீங்க, எவ்வளவு தைரியசாலியா இருந்தாலும் சரி. ரெண்டு மூணு பேர் சேர்ந்து தங்கறது, இல்ல ஹாஸ்டல், இல்ல மேல ஒரு போர்ஷன்ல தங்க வச்சு கீழ வீட்டுக்காரங்க ஒரு கண் வச்சுக்கிற மாதிரி. வாடகை அக்ரிமெண்ட்டை உட்கார்ந்து வரி வரியா அவங்களையே சத்தமா படிக்க வைங்க, காலி பண்ண எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், டெபாசிட்ல எதுக்கெல்லாம் பிடிப்பாங்க, ரிப்பேர் யார் செலவு. குடிபோற அன்னைக்கே சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, சாமானை பிளாஸ்டிக் கவர்ல கட்டி அனுப்பாதீங்க, ஒரு நல்ல பை வாங்கிக் குடுங்க. குப்பை அள்ளுற கவர்ல துணியைப் போட்டு வெளிய வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு முப்பது வயசுலயும் சொல்றவங்க இருக்காங்க.

படிக்கப் போறவங்களுக்கு ஃபீஸ் மட்டும் பார்த்தா போதாது. லீவுக்கு காலேஜ் ஹாஸ்டலை மூடிட்டா எங்க போவாங்க? எல்லாரும் ஊருக்குக் கிளம்பறப்போ இவங்க எங்க போறதுன்னு தெரியாம பொய் சொல்லி சமாளிப்பாங்க. சேரும்போதே கேளுங்க, லீவுல தங்க இடம் பேசி வைங்க. வேலைன்னா முதல் வேலை பெரும்பாலும் நிலைக்காது, மேனேஜர் குரலை உயர்த்தினதும் மறுநாள் போகாம நின்னுடுவாங்க. பழைய பயம் அது, திமிர்னு நினைச்சுடாதீங்க. சொல்லாம நிக்காதே, எனக்கு ஒரு போன் பண்ணிட்டு அப்புறம் முடிவு பண்ணுன்னு மட்டும் சொல்லி வைங்க.

முதல் ஞாயித்துக்கிழமை

யாரும் எச்சரிக்காத விஷயம் இது. சுத்தி நாப்பது பேர் சத்தத்துல வளர்ந்த பிள்ளைக்கு தனி ரூமோட அமைதி பயங்கரமா இருக்கும். குடியேறின முதல் வாரம் வேலை இருக்கும், சாமான் வாங்கணும், ஓடிடும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரும்போதுதான் அந்த அமைதி வந்து உட்காரும். தூங்கவே முடியலன்னு ஃபேனை ஃபுல்லா வச்சு, போன்ல வீடியோவையும் ஓடவிட்டு தூங்கின பசங்க எத்தனையோ பேர். முதல் நாலு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்களோ வேற யாரோ நேர்ல போங்க. பெருசா ஒண்ணும் பேச வேணாம், போய் உட்கார்ந்தா போதும்.

இந்த அமைதியிலதான் தப்பான ஆளுங்களும் உள்ள வருவாங்க. பழகி ரெண்டு வாரத்துலயே நீதான் என் உயிர்னு சொல்றவங்க, உன் பேர்ல ஒரு சிம் வாங்கிக் குடு, உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் போட்டு எடுத்துக்கிறேன், இந்த லோனுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுன்னு கேட்கிறவங்க. பயமுறுத்தாம, ஆனா தெளிவா சொல்லணும், உன் பேர்ல இருக்கிற சிம், அக்கவுண்ட், கையெழுத்து மூணும் யாருக்கும் கிடையாது, கேட்டா எங்க அக்கா திட்டுவாங்கன்னு சொல்லிடு. மறுக்க ஒரு சாக்கு வேணும் அவங்களுக்கு, அந்தச் சாக்கா நாம இருந்துட்டுப் போவோம்.

சொந்தக்காரங்க விஷயம் இன்னும் சிக்கல். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத அப்பாவோ மாமாவோ முதல் சம்பளம் வந்ததும் வருவாங்க. போகாதேன்னு தடுத்தா ஒளிஞ்சு போவாங்க, ஏன்னா அந்த ஏக்கம் அப்படி. போ, ஆனா போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போ, திரும்பி வர பஸ் காசை தனியா வச்சுக்கோ, ஏடிஎம் கார்டை எடுத்துட்டுப் போகாதேன்னு சொல்லுங்க. சில பேருக்கு நல்ல உறவாவும் அமையும், நான் பார்த்திருக்கேன், அதனால கதவை நாம சாத்தக் கூடாது.

திரும்பி வர வழி

எது வேணும்னாலும் கேளுன்னு சொன்னா அவங்க கேட்கவே மாட்டாங்க. எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாதுன்னு வாழ்நாள் முழுக்க அளந்து பழகினவங்க. அதனால உங்களால என்ன முடியும்னு எழுதியே குடுங்க. ராத்திரி எத்தனை மணிக்கு வேணும்னாலும் போன் எடுப்பேன், வருஷத்துல ரெண்டு பண்டிகைக்கு என் வீட்டுக்கு வரலாம், உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கு கூட வருவேன், எந்த ஃபார்மா இருந்தாலும் உட்கார்ந்து நிரப்பித் தருவேன், ஒரு வாரம் வரைக்கும் தங்க இடம் தருவேன். முடியாததை எழுதாதீங்க. பாதியில விட்டுட்டுப் போன பெரியவங்களை அவங்க ஏற்கனவே நிறைய பார்த்துட்டாங்க, அந்த வரிசையில நீங்களும் போய் நிக்க வேணாம். ஒருத்தரா எல்லாத்தையும் சுமக்கவும் வேணாம், நாலஞ்சு பேரைச் சேருங்க, ஒருத்தர் பேப்பர் வேலைக்கு, ஒருத்தர் வேலை விஷயத்துக்கு, ஒருத்தர் சும்மா சேர்ந்து சிரிக்க. ஏற்கனவே ஹோம்ல இருந்து வெளிய போய் நாலஞ்சு வருஷமா வாழ்ந்துக்கிட்டிருக்கிற ஒரு அண்ணனோ அக்காவோ அதுல கண்டிப்பா இருக்கட்டும், அவங்க சொன்னா ஏறுற மாதிரி நாம சொல்லி ஏறாது.

ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தா வரிசை இதுதான்: எங்க இருக்க, பத்திரமா இருக்கியா, சாப்பிட்டியா. என்ன நடந்துச்சுங்கிற கேள்வி காலையில. நான் அப்பவே சொன்னேன்லங்கிற வார்த்தை மட்டும் வாயில இருந்து வரவே கூடாது, அது ஒரு தடவை வந்தா அடுத்த போன் வராது, எனக்கு ஒருத்தர் விஷயத்துல அப்படி ஆயிடுச்சு, இன்னைக்கும் வருத்தம்தான். காசு கேட்டா உங்களால முடிஞ்சதை சும்மா குடுங்க, கடனா குடுக்காதீங்க. திருப்பித் தர முடியலைங்கிற வெட்கத்துலயே பேசாம போனவங்க உண்டு. ரூம் போச்சு, வேலை போச்சுன்னு வந்து நின்னா ஒரு வாரம் தங்க வச்சு, இந்தக் கட்டுரையில முதல்ல சொன்ன இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிங்க, ரெண்டாவது தடவை பாதி நேரத்துல முடிஞ்சிடும்.

சில பேர் வெளிய போனதும் காணாமப் போயிடுவாங்க, நம்பர் மாறும், மெசேஜ் பார்ப்பாங்க பதில் வராது. ஹோமையே மறக்கணும்னு இருக்கும், கோவப்படாதீங்க. ஏன் பதில் இல்லன்னு கேட்காம, பதில் தேவைப்படாத மாதிரி ஒரு வரி அனுப்புங்க, இன்னைக்கு உன் ஞாபகம் வந்துச்சு, நல்லா இருன்னு. மாசம் ஒரு தடவை, பிறந்தநாளுக்கு ஒரு தடவை. நான் முதல்ல சொன்னேனே, பூட்டைப் பூட்டிப் பூட்டிப் பார்த்தவன், அவனுக்கு ஏழு மாசம் இப்படி அனுப்பினேன், ஒரு பதிலும் இல்ல. எட்டாவது மாசம் அவன்கிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு, நலம் விசாரிப்பு ஒண்ணும் கிடையாது, அக்கா ரூம் காலி பண்றேன், ஓனர் டெபாசிட் தரமாட்டேங்கறார், என்ன பண்ணன்னு. குடிபோன அன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் கழிச்சு பதினாலு போட்டோ வந்து விழுந்துச்சு, எல்லாத்துலயும் தேதி இருந்துச்சு.